அமைதி விருதும் அரசியல் தலைவர்களும்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவிலிருந்து ஒரு செய்தி வருகின்றது. அவ்வாண்டின் நோபெல் அமைதிப் பரிசு இன்னாருக்கு என்பதே அச்செய்தி. பரிசு பெறுபவர் மருத்துவராகவோ, துறவியாகவோ, மனித உரிமைக்காகச் சிறை சென்றவராகவோ இருந்தால் உலகம் மகிழ்ந்து பாராட்டுகின்றது. அவர் ஒரு நாட்டின் அதிபராகவோ தலைமை அமைச்சராகவோ இருந்தால், பாராட்டோடு முணுமுணுப்பும் எழுகின்றது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் இப்பரிசுக்குத் தாம் தகுதியானவர் என்று வெளிப்படையாகவே பேசியபோது அம்முணுமுணுப்பு உரத்த விவாதமாயிற்று. படையைத் தம் ஆணைக்குள் வைத்திருக்கும் ஒருவருக்கு அமைதியின் பெயரால் பதக்கம் அணிவிப்பது தகுமா?

இது தொலைநாட்டார் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. காலைச் சங்கொலி கேட்டுத் தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் விரைகின்ற ஆம்பூர் மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் வாழும் முகாம் ஒன்று உள்ளது. இத்தகைய முகாம்கள் தமிழகத்தில் நூற்றுக்கும் மேல். 2021ஆம் ஆண்டின் கணக்குப்படி அவற்றில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 58,000 பேர். தலைவர்கள் கைகுலுக்கி ஒப்பமிட்ட அமைதி உடன்பாடுகள் என்னவாயின என்பதற்கு அம்மக்களே உயிருள்ள சாட்சிகள். ஆகவே இக்கேள்வி நம் வாசலிலேயே நிற்கின்றது.

விருதின் வரலாறு

வெடிமருந்தால் பெரும்பொருள் ஈட்டிய ஆல்ஃபிரட் நோபெல் 1895இல் எழுதிய உயிலில், அமைதிப் பரிசுக்குரிய மூன்று பணிகளைக் குறிப்பிட்டார்: நாடுகளிடையே உடன்பிறப்புணர்வை வளர்த்தல், நிலையான படைகளை ஒழித்தல் அல்லது குறைத்தல், அமைதி மாநாடுகளைக் கூட்டி வளர்த்தல். 1901இல் முதற் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றக் காரணரான ஹென்றி துனான். ஐந்தே ஆண்டுகளில், 1906இல், பரிசு ஆட்சியிலிருந்த ஒருவரைச் சென்றடைந்தது. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமரசம் செய்துவைத்த அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவர். போரை வீரத்தின் உறைவிடமாகப் புகழ்ந்தவர் என்றும் அவர் அறியப்பட்டவர்.

அதன்பின் வந்த சில தேர்வுகள் உலகின் மனச்சான்றை உறுத்தின. வியட்நாம் போர்நிறுத்தத்திற்காக 1973இல் ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கும் லே டக் தோவுக்கும் பரிசு அறிவிக்கப்பட்டது. தம் நாட்டில் இன்னும் அமைதி ஏற்படவில்லை என்று கூறி லே டக் தோ அதனை ஏற்க மறுத்தார். தேர்வுக் குழுவிலிருந்தே இருவர் விலகினர். 1975 ஏப்ரலில் சைகோன் நகர் வீழும்வரை அங்கே போர் ஓயவேயில்லை. 1991இல் பரிசு பெற்ற ஆங் சான் சூ கி பின்னாளில் மியான்மரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 2017இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் அந்நாட்டிலிருந்து வங்கதேசத்திற்கு ஓடினர். 2019 டிசம்பரில் அனைத்துலக நீதிமன்றத்தில் தம் நாட்டின் சார்பாக வாதாட அவரே சென்று நின்றார். அதே 2019இல் எரித்திரியாவுடன் சமாதானம் செய்தமைக்காக எத்தியோப்பியத் தலைமை அமைச்சர் அபிய் அகமது பரிசு பெற்றார். ஓராண்டு கழிந்ததும் திக்ரே பகுதியில் கொடும்போர் மூண்டது. எவருடன் சமாதானம் செய்ததற்காகப் பரிசு பெற்றாரோ, அந்த எரித்திரியாவின் படைகளே அப்போரில் அவர் பக்கம் நின்று போரிட்டன.

மறுபுறம், நம் காந்தியடிகள் இப்பரிசைப் பெறவேயில்லை. 1937 முதல் பலமுறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1948இல் அவர் கொலையுண்பதற்குச் சில நாள்களுக்கு முன்பும் முன்மொழியப்பட்டது. உயிரோடிருப்போருள் தக்கவர் எவரும் இல்லை என்று கூறி அவ்வாண்டு பரிசையே நிறுத்திவைத்தனர். கிஸ்ஸிஞ்சருக்குக் கிடைத்தது, காந்திக்குக் கிடைக்கவில்லை. இந்த ஒன்றை நினைக்கும்போதே பலர் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்: அரசியல்வாதிகளுக்கு அமைதி விருது வேண்டாம், அன்னை தெரேசாவைப் போன்றோர்க்கே அதனை வழங்குக.

வாளை உறையில் இடுபவர் யார்?

கேட்பதற்கு இனிதாயினும், இத்தீர்ப்பு முழுமையான நீதியன்று. அமைதியில் இருவகை உண்டு. ஒன்று நெஞ்சங்களுக்கு இடையே மலர்வது. நம் ஊர் வழியே செல்லும் அதே நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரில் 1991 மே 21ஆம் நாள் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தண்டனை பெற்ற நளினியின் மரண தண்டனையைக் குறைக்குமாறு வேண்டியவர் ராஜீவ் காந்தியின் துணைவியாரே. 2000ஆம் ஆண்டில் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2008 மார்ச்சில் அவருடைய மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்தார். புகைப்படக்காரர் எவரும் உடன் செல்லவில்லை. சில வாரங்கள் கழித்தே செய்தி வெளிவந்தது. இவ்வகை அமைதியை எளியோரும் செய்ய இயலும். இதற்கு விருது வேண்டியதில்லை. விருது கொடுத்தால் இதன் தூய்மை குறைந்தாலும் குறையும்.

மற்றொன்று நாடுகளுக்கும் மக்களினங்களுக்கும் இடையே ஏற்படுவது. எத்துணைப் பெரிய புனிதரும் ஒரு பீரங்கிப் படையைப் பின்வாங்கச் செய்ய இயலாது. அதற்கு ஆணையிடும் அதிகாரம் உடையவர் மனமிரங்க வேண்டும். வாளை உறையில் இடும் ஆற்றல் வாளைக் கையில் வைத்திருப்பவருக்கே உண்டு. அவர் கைகள் பெரும்பாலும் கறைபட்டவையாகவே இருக்கும். கறையில்லாதவர்க்கு மட்டுமே மதிப்புச் செய்வோம் என்றால், போரை நிறுத்தக்கூடிய ஒருவரையும் நாம் மதிக்கப் போவதில்லை.

அன்றியும், சமாதானம் செய்யும் தலைவர் பெரிய விலை கொடுக்க நேர்கின்றது. இஸ்ரேலுடன் உடன்பாடு கண்டு 1978இல் பரிசு பெற்ற எகிப்து அதிபர் அன்வர் சாதாத்தை 1981இல் அவர் படையைச் சேர்ந்தவர்களே சுட்டுக்கொன்றனர். பாலஸ்தீனருடன் உடன்பாடு கண்டு 1994இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இட்சாக் ராபின், மறு ஆண்டே ஒரு யூத இளைஞனின் குண்டுக்கு இரையானார். இருவரையும் வீழ்த்தியவர்கள் பகைநாட்டார் அல்லர், சொந்த மக்கள். பகைவனோடு போரிடுபவனை நாடு வீரன் என்கின்றது. பகைவனோடு பேசச் செல்பவனைத் துரோகி என்கின்றது. அப்பெயரை ஏற்கத் துணிவதும் ஓர் அறச்செயலே என்பதை மறுத்தல் ஆகாது.

பரிசை அறவோர்க்கு மட்டும் கொடுத்தால் ஏமாற்றம் நேராது என்பதும் மெய்யன்று. கிழக்குத் திமோர் மக்களுக்காகக் குரல்கொடுத்த ஆயர் கார்லோஸ் பெலோ 1996இல் இப்பரிசைப் பகிர்ந்துகொண்டபோது கத்தோலிக்கர் நாம் பெருமை கொண்டோம். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச்சாட்டுகளின் பேரில் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருப்பதை 2022இல் வத்திக்கானே உறுதிசெய்தது. அம்மக்களின் விடுதலைக்காக அவர் பேசியது உண்மை. சிறார் அடைந்ததாகச் சொல்லப்படும் துன்பத்தை அப்பரிசு மூடிமறைக்கலாகாது என்பதும் உண்மை. மனிதரை முழுமையாக எடைபோடும் தராசு எந்தக் குழுவின் கையிலும் இல்லை.

ஒருவர், இரு முகங்கள்

நம் இனத்தாரின் துயரத்தோடு பின்னிய ஒரு வாழ்வை இங்கே எண்ணிப் பார்ப்போம். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில், போரில் தோற்ற ஜப்பானுடன் அமைதி உடன்படிக்கை செய்துகொள்ள ஒரு மாநாடு கூடியது. அன்று இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்தனா எழுந்து, பகைமை பற்றிய புத்தர் பெருமானின் போதனையை நினைவூட்டினார். வென்றவர்கள் பழிதீர்க்க எண்ணலாகாது என வாதாடினார். தம் நாட்டிற்கு உரிய போர் இழப்பீட்டையும் வேண்டாமென விட்டுக்கொடுத்தார். ஜப்பான் அதனை மறக்கவில்லை. காமகுரா நகரின் பெரும் புத்தர் சிலை அமைந்த திருவிடத்தில் 1991இல் அவர் நினைவாகக் கல் ஒன்று நாட்டப்பட்டது. அந்த ஓர் உரைக்காக அவருக்கு அமைதி விருது அளித்திருந்தால் குறைகூற எவரும் இருந்திருக்கமாட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1983 சூலையில் யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் இரு நாள்களில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் படுகொலை செய்யப்பட்டனர். அன்று நாட்டின் அதிபர் அதே ஜயவர்தனா. நாட்கள் சில சென்றபின் நாட்டு மக்களுக்கு அவர் ஆற்றிய உரையில், அடிபட்ட தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. பகைநாட்டார்க்கு மன்னிப்பை வேண்டிய நாவிலிருந்து சொந்தக் குடிமக்களுக்கு இரக்கம் பிறக்கவில்லை. அந்நாள் தொடங்கிப் படகேறி வந்தவர்களே நம் முகாம்களின் முதல் தலைமுறையினர்.

அவரே 1987 சூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியுடன் கொழும்பில் இந்திய-இலங்கை உடன்பாட்டில் ஒப்பமிட்டார். அதற்கும் துணிவு வேண்டியிருந்தது. கொழும்பு கொந்தளித்தது, மறுநாள் அணிவகுப்பில் நின்ற கடற்படை வீரன் ஒருவன் துப்பாக்கியின் அடிப்புறத்தால் ராஜீவ் காந்தியைத் தாக்கினான். உடன்பாட்டின் பயனாகத் தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பில் இடம்பெற்றது. மாகாண சபைகள் தோன்றின. இவை சிறியன அல்ல. ஆனால் அவ்வுடன்பாட்டில் ஒப்பமிட்டவை இரண்டு அரசுகள் மட்டுமே. எந்த மக்களின் வாழ்வு பற்றி அது பேசியதோ, அம்மக்களின் சார்பில் அதில் ஓர் ஒப்பமும் இல்லை. அக்டோபரிலேயே அமைதி காக்கச் சென்ற இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டனர். படைவீரர்களின் ஊர் என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டையைப் போன்ற ஊர்களை உடைய நம் வட்டாரத்திற்கு அவ்விழப்பின் பொருள் விளங்கும். தமிழ்ப் பொதுமக்களோ இருபுறமும் அடிபட்டனர். உடன்பாட்டை நம்பி நாடு திரும்பிய அகதிகளுள் பலர் 1990இல் மீண்டும் அகதிகளாய்க் கடல் கடந்தனர். 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் இன்னொரு போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை, 2009 மே திங்களில் பல்லாயிரம் பொதுமக்களின் உயிரைக் குடித்தே போர் முடிந்தது.

இந்த வாழ்வுக்கு எந்த ஆண்டில் எந்த விருதை அளிப்பது? 1951இன் உரை பொய்யன்று. 1983இன் மௌனமும் பொய்யன்று. 1987இன் ஒப்பத்தில் துணிவும் இருந்தது, குறையும் இருந்தது. ஒரு மனிதரை அமைதியின் திருவுருவமாக நிறுத்த முயன்றால் இவற்றுள் ஏதேனும் ஒன்றை நாம் மறைத்தாக வேண்டும். அவ்வாறு மறைப்பது பாதிக்கப்பட்டோர்க்கு இழைக்கும் இரண்டாம் அநீதி. ஆகவே விருது செயலைப் பார்த்துச் சொல்லும் நன்றியாக இருக்கலாம். ஆளைப் பார்த்துச் சூட்டும் முடியாக இருத்தலாகாது.

உப்பிட்ட தோல்

செயலுக்கே விருது என்றாலும், செயல் எப்போது நிறைவடைகின்றது என்பது அடுத்த கேள்வி. நம் தொழிலை அறிந்தவர்க்கு விடை எளிது. பச்சைத் தோலில் உப்பிடுவது அஃது அழுகாமல் காப்பதற்கே. அதன்பின் ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், மயிரும் சதையும் நீக்குதல், பதனிடுதல் எனப் பல படிகள் உள்ளன. உப்பிட்ட தோலைப் பதனிட்ட தோல் என்று விலைபேச இங்கே எவரும் துணியார். தலைவர்கள் இடும் ஒப்பமும் உப்பைப் போன்றதே. அழுகல் நின்றது என்பது பெரிது. ஆயினும் வேலை இனிமேல்தான்.

இதே வட்டாரத்தில் பிறந்த ஒரு வழக்கும் இப்பாடத்தைக் கற்பிக்கின்றது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றங்கரை நிலமும் நீரும் கெடுவதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்குரிய விலை கொடுக்க வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. அந்நாள் முதல் சட்டம் பயிலும் மாணவர் அதனைப் போற்றிப் படிக்கின்றனர். சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழிலும் தொடர்ந்தது. ஆனால் 2025 சனவரி 30ஆம் நாள், அதே பாலாற்றைக் குறித்தும் உழவர்க்குரிய இழப்பீட்டைக் குறித்தும் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்பின் பெருமையை நூலகத்தில் அறியலாம். அதன் பயனை அறியக் கிணற்று நீரைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். அமைதி உடன்பாடுகளும் அத்தகையனவே. அவற்றுக்கும் ஒரு கிணறு உண்டு. துரத்தப்பட்ட குடும்பம் தன் வீட்டிற்கு அச்சமின்றித் திரும்ப முடிகின்றதா என்பதே அது.

திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963இல் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடல், அமைதிக்கு உண்மை, நீதி, அன்பு, விடுதலை ஆகிய நான்கையும் அடித்தளமாகக் காட்டிற்று. ஒப்பமிடும் நாளன்று இந்நான்கையும் காண இயலாது. காயத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டு எல்லாம் நலமே என்று அறிவித்த தலைவர்களைக் கண்டித்தார் இறைவாக்கினர் எரேமியா. அவசரமாய் வழங்கும் விருதும் அப்படிப்பட்ட தடவலாகிவிடும் இடருண்டு. பரிசு பெற்ற தலைவரைக் குறைகூறத் தயங்குவோர் பெருகுவர். வலிக்கின்றது என்று முனகுபவனே அமைதியைக் குலைப்பவனாகக் காணப்படுவான்.

காலம் தாழ்த்திய மதிப்பு

இந்தியா தான் நிறுவிய காந்தி அமைதிப் பரிசை 1995இல் முதன்முதலாக யாருக்கு வழங்கியது? ஓர் அரசியல் தலைவருக்கே. தான்சானியாவின் முதல் அதிபரும் பற்றுறுதிமிக்க கத்தோலிக்கருமான ஜூலியஸ் நைரேரே அவர். அவர் குறையற்றவர் அல்லர். மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றிய அவர் திட்டத்தில் கட்டாயம் கலந்தது. இதி அமீனின் தாக்குதலை எதிர்த்து உகாண்டாவுக்குள் படை அனுப்பியவரும் அவரே. ஆனால் 1985இல் தாமாகவே அதிபர் பதவியிலிருந்து இறங்கினார். பரிசு வந்தபோது அவர் அப்பதவியை விட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பரிசு பெற்ற பின்னரும், 1999இல் இறக்கும்வரை, புருண்டி நாட்டின் இனப்போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்த விருதால் அவருடைய வாக்கு வங்கி பெருகவில்லை. அவர் படையின் செயலுக்கு அது திரையாகவும் இல்லை. காலம் தாழ்த்தி மதிப்பதில் உள்ள நன்மை இதுவே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. பரிசு தளர்ந்த கைகளுக்கு ஊக்கம் தரும். பாதி வழி வந்தவரை மீதி வழியும் நடத்தும் என்பர். 1993இல் மண்டேலாவும் டி கிளார்க்கும் பரிசு பெற்றபோது தென்னாப்பிரிக்காவில் அனைவரும் வாக்களிக்கும் தேர்தல் இன்னும் நடைபெறவில்லை. மறு ஆண்டு நடைபெற்றது. இவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. ஆயினும் அங்கே நிறவெறியால் துன்புற்ற மக்களின் தலைவரே பேச்சு மேசையில் சரிபாதியாய் அமர்ந்திருந்தார். பரிசையும் சரிபாதியாய்ப் பெற்றார். அடிபட்டவர் இல்லாத மேசையில் ஒப்பமிட்டவர்க்கு முன்கூட்டியே தரும் பரிசும், அடிபட்டவர் அமர்ந்த மேசைக்குத் தரும் ஊக்கமும் ஒன்றாகா.

எனவே, அரசியல் தலைவர்கள் அமைதி விருதுக்கு உரியவரே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வெல்லும் ஆற்றல் இருந்தும் போரைக் கைவிட்டவர், தன் மக்களின் பழிச்சொல்லைத் தாங்கியவர், பாதிக்கப்பட்டோரை மேசைக்கு அழைத்தவர் மதிப்புக்குரியவர். ஆனால் அவர் தகுதியை உரைக்க வேண்டியவர்கள் ஆஸ்லோவில் கூடும் ஐவரோ தில்லியில் கூடும் குழுவோ மட்டுமல்லர். அந்த அமைதிக்குள் வாழ வேண்டியவர்களின் சொல்லே முதற்சான்று. அச்சான்று வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை விருது காத்திருக்கலாம். தலைவருக்கும் அதனால் கேடில்லை.

நாமும் விருது வழங்குபவர்களே என்பதை மறவாதிருப்போம். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் தலைவர்களுக்குச் சமாதானப் புறா என்று பட்டம் சூட்டுகின்றோம். அதே மேடையில் அவர்கள் கையில் வீரவாளும் கொடுக்கின்றோம். பொன்னாடை போர்த்துமுன் ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் பொதுநிலையினராகிய நமக்கு வர வேண்டும்: இவர் செய்ததால் யாருடைய அச்சம் நீங்கியது? மலைப்பொழிவில் அமைதி ஏற்படுத்துவோரைப் பேறுபெற்றோர் என அழைத்த ஆண்டவர், அவர்களுக்குப் பொன்னும் பதக்கமும் வாக்களிக்கவில்லை. கடவுளின் மக்கள் என்னும் பெயரையே வாக்களித்தார். அப்பெயர் தேர்தலுக்குப் பயன்படாது.

2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. அவ்வாண்டு நவம்பரில் மேல்மொணவூரில் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2023இல் அவ்வீடுகள் திறக்கப்பட்டன. ஒழுகாத கூரை நல்லதே. அதற்காக நன்றி கூறுவோம். ஆயினும் இம்மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் படித்து, எந்நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் அம்முகாம்களில் உள்ளனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. அவர்கள் தம் பெற்றோரின் ஊருக்கு அஞ்சாமல் திரும்பவோ, இங்கேயே குடிமக்களாய் நிமிரவோ வழி செய்கின்ற தலைவர் ஒருவர் கொழும்பிலோ தில்லியிலோ தோன்றுவாராயின், அவருக்கு விருது வழங்க வேண்டும் என்று முதலில் சொல்லும் உரிமை அந்த முகாமுக்கே உரியது.